ஓதம் பார்த்துக் கிளம்புங்கள்

கேள்வி: சியாட்டிலில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அக்டோபரில் நிஸ்குவாலி கழிமுகச் சரணாலயத்துக்கு ஒருநாள் போய்வரலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் கடிகாரத்தைவிட ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர் வற்றினால் கண்ணுக்கெட்டியவரை சேறுதான். நீர் ஏறும்போது வாத்துகள் மரநடைபாதைக்கு அருகிலேயே வரும். விளைநிலத்துக்காக நூறாண்டுக்கு முன் போட்ட கரைகளை 2009-இல் அகற்றி, கடல்நீரை மீண்டும் உள்ளே விட்டதன் பலன் இது. சரணாலயத்தின் பெயரில் இருக்கும் பில்லி ஃபிராங்க் ஜூனியர், சால்மன் பிடிக்கும் பூர்வகுடி உரிமைக்காக ஐம்பது முறைக்குமேல் கைதானவர். பேரப்பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லுங்கள். வாத்து வேட்டைப் பருவம் தொடங்கிவிட்டால் நடைபாதையின் கடைசிப் பகுதியை மூடிவிடுவார்கள். (சரணாலயத்தருகே வேட்டையா? அந்த ஊர் வழக்கம்!) மழைக்கோட்டு அவசியம். நாயை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அனுமதியில்லை.