கஞ்சியை அறுக்கும் நொதி பருத்தியையும் அரிக்குமா?

செல்லூர்த் தறிகளில் பருத்திப் பாவு ஓடுவதற்கு முன் கஞ்சி குடித்தாக வேண்டும். இழுப்பிலும் உரசலிலும் நூல் அறாமல் காப்பது அந்த மாவுச்சத்துதான். நெய்து முடிந்ததும் அதுவே இடைஞ்சல்: கஞ்சி போகாத துணியில் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். கஞ்சியைப் போக்க அமைலேஸ் என்னும் நொதி இருந்தும் ஓர் அச்சம் விலகவில்லை. கஞ்சியும் பஞ்சும் ஒரே சர்க்கரையால் ஆனவை, ஒன்றைக் கரைப்பது மற்றதையும் அரிக்கும், ஆசிட்தான் பத்திரம் என்பது அந்த நம்பிக்கை. அதன் முதல் பாதி உண்மை. மாவுச்சத்தும் பருத்தியின் செல்லுலோசும் குளுக்கோஸ் கண்ணிகளின் சங்கிலிகளே.

கண்ணிகள் கோக்கப்பட்ட விதம்தான் வேறு. மாவுச்சத்தில் ஆல்பா பிணைப்பு, செல்லுலோசில் பீட்டா பிணைப்பு. 1833இல் பாயன், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியிலிருந்து பிரித்தெடுத்த டயஸ்டேஸ் முதல் இன்று ஆலைகளுக்கு வரும் பாக்டீரிய அமைலேஸ் வரை, எதுவும் பீட்டா பிணைப்பைத் தொடுவதில்லை. இதற்குச் சான்று நம் உடலிலேயே உண்டு. எச்சிலிலும் கணைய நீரிலும் சுரக்கும் அமைலேஸ் சோற்றின் மாவுச்சத்தை உடைக்கிறது, இறைச்சியிலுள்ள கிளைகோஜனையும் உடைக்கிறது. கீரையின் நார் மட்டும் அதற்கு அகப்படாமல் குடலைக் கடந்துவிடுகிறது. அந்த நாரும் பருத்தியும் ஒரே செல்லுலோஸ். நொதிகள் அத்தனை குறிப்பானவை. அமிலத்துக்கோ இந்தப் பாகுபாடு தெரியாது. செறிவோ சூடோ கூடினால், அல்லது துணியில் அமிலம் தங்கிக் காய்ந்தால், பருத்தியின் பீட்டா பிணைப்பும் அறுபட்டுத் துணி இற்றுப்போகும். அஞ்ச வேண்டியது ஆசிட்டுக்குத்தான்.

ஜீன்ஸை வெளுக்கச் செய்யும் நொதி பருத்தியைத் தின்கிறதே என்று கேட்கலாம். அது செல்லுலேஸ், வேறு நொதி. வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். நொதி போட்டும் கஞ்சி போகவில்லை என்ற குறையும் நியாயமானதே. கஞ்சியில் பாலிவினைல் ஆல்கஹால் கலந்திருந்தால் அமைலேஸ் அதை உடைக்காது. சாதாரண பாக்டீரிய அமைலேசுக்கு 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூடு ஏற்றது. கொதிக்கும் தண்ணீரில் போட்டால் அது செயலிழக்கும். அந்தச் சூட்டைத் தாங்கும் வகைகள் தனியே உண்டு. சந்தேகம் இருந்தால் துணியில் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விடுங்கள். நீலம் தெரிந்தால் மாவுச்சத்து இன்னும் போகவில்லை.

நொதி இயற்கையானது, ஆகவே கழிவுநீரால் கெடுதலில்லை என்று எதிர்ப்பக்கம் சொல்வதும் தவறு. உடைந்த கஞ்சி சர்க்கரையாகத் தண்ணீரில்தான் கலக்கிறது. அதை உண்டு பெருகும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அமைலேஸ் கொண்டு அலசிய நீரையும் சுத்திகரித்த பிறகே வெளியேற்றுங்கள்; செல்லூர்க் கண்மாய்க்கோ வைகைக்கோ அதை அப்படியே விடாதீர்கள்.