சுறா மட்டும்தானா கடல்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கடல் என்றாலே சுறாவும் சுனாமியும்தான். இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிய எண்ணம் எங்கிருந்து வருகிறது?
– வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் திரையிலிருந்து. 1975-இல் வெளிவந்த ‘ஜாஸ்’ படம் சுறாவைக் கொலைகாரனாக்கிவிட்டது. அதன் மூல நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி பின்னாளில் சுறாக்களைக் காக்கக் குரல் கொடுத்தார். அந்தக் குரல் படம் போன தூரம் போகவில்லை.

வகுப்பறையைக் குறைத்து எடைபோடாதீர்கள். 2004 சுனாமியன்று, புக்கெட் தீவுக்கு விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டதும் புவியியல் பாடத்தில் கேட்டதை நினைத்துப் பெற்றோரை எச்சரித்தாள். கரையில் இருந்தவர்களை உடனே வெளியேற்றினார்கள். ஏறத்தாழ நூறு பேர் தப்பினார்கள். இரண்டு வாரம் முன்புதான் அவளுடைய ஆசிரியர் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தார்.

நம் மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் தாண்டி, வாடை எது, கொண்டல் எது, எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்று பெரியவர்களிடம் கேட்டே வளர்கிறார்கள். அந்த அறிவுக்கு நம் தேர்வுகளில் ஒரு மதிப்பெண்கூட இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

மகளைப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ சென்னைக்கு அழைத்து வாருங்கள். பெசன்ட் நகர்ப் பக்கம் 1988 முதல் மாணவர்கள் பங்குனி ஆமை முட்டைகளைத் தேடி இரவில் நடக்கிறார்கள். பொதுமக்களும் சேர்ந்து நடப்பதுண்டு. முன்கூட்டியே விசாரித்துவிட்டு வாருங்கள், மணலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.