ஞாயிற்றுக்கிழமைச் சண்டை

கேள்வி: என் நாத்தனார் டெக்சாஸில் இருக்கிறார். அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தாலே ஞாயிறு வீடியோ காலில் சண்டைதான். வீடியோ கேம்தான் காரணம் என்கிறார் மாமனார். மனநோய் என்கிறார் கணவர். துப்பாக்கிதான் என்கிறார் நாத்தனார். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: நான் உங்கள் நாத்தனார் பக்கம். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் பிள்ளைகள் வீடியோ கேமில்தான் மூழ்கிக் கிடக்கிறார்கள். அங்கே பள்ளிகளில் இப்படிப் பிணம் விழுவதில்லை. மனநோய் இல்லாத நாடும் இல்லை. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்மேல் இந்தப் பழியைப் போடுவது பெரும் பாவம்.

டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவன், 18 வயது நிரம்பிய சில நாட்களிலேயே இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி கடையில் வாங்கியவன். உங்கள் சிவாஜிநகரில் 21 வயதுக்கு முன் உரிமமே கிடையாது. அதன்பிறகும் காரணம் எழுதிக் கொடுத்து, போலீஸ் விசாரணை முடிந்தாக வேண்டும். கோபமும் தனிமையும் வெறுப்பும் இங்கேயும் உண்டு. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லை. ஆஸ்திரேலியாவில் 1996-ல் போர்ட் ஆர்தரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்ததும், அரசு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைக்கு வாங்கி அழித்தது.

ஒன்று செய்யுங்கள். அமெரிக்கப் பள்ளிகளில் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூச்சுக்காட்டாமல் மூலையில் உட்கார ஒத்திகை நடத்துகிறார்கள். அடுத்த ஞாயிறு வாதத்தைத் தொடங்குமுன், அதைப் பற்றி உங்கள் நாத்தனாரிடம் விசாரிக்கும்படி மாமனாரிடம் சொல்லுங்கள்.