கண்பழக்கமும் கைப்பழக்கமும்

ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது என்பது முன்னோர் கண்ட உண்மை. ஆயினும், கைக்கு முன்னே பழக வேண்டியது கண் என்பதை, இலண்டனில் தைலவண்ண ஓவியப் பயிற்சி வகுப்பொன்றிற் சேர்ந்த பின்னரே நாம் உணர்ந்தோம்.

அங்கு முதற்பாடம் நிலைப்பொருள் ஓவியம். பழம், பூ, பாத்திரம் முதலான அசையாப் பொருள்களை மேசைமீது வைத்து, கண்டவாறே தீட்டுதல் இதன் இயல்பு. வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவருமாறு ஆசிரியர் பணித்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து எம்முடன் வந்த பித்தளைச் செம்பையும் இரண்டு தேசிக்காய்களையும் கொண்டு சென்றோம்.

முதலிற் கரித்துண்டால் உருவங்களை மெல்லென வரைந்தோம். பின்னர் டர்பன்டைனில் நெகிழ்த்திய கபில வண்ணத்தால் நிழற்பகுதிகளை நிரப்பினோம். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் கூடிய தடித்த வண்ணத்தைப் பூச வேண்டும். கீழ்ப்படையில் எண்ணெய் குறைவாகவும் மேற்படையில் மிகுதியாகவும் இருத்தல் விதி. தைலவண்ணம், நீர்வண்ணம்போல் நீர் வற்றி உலர்வதன்று; காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. எண்ணெய் மிகுந்த படை இறுகுமுன், அதன்மேல் எண்ணெய் குறைந்த படை முந்திக்கொண்டு உலர்ந்தால், நாளடைவில் ஓவியம் வெடிக்கும். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தலும் ஆகாது, தாமாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை நீரில் நனைத்து, மூடியுள்ள தகரப் பேணியில் இடல் வேண்டும்.

பித்தளை மஞ்சள் நிறமுடையது என்றெண்ணிச் செம்புக்கு மஞ்சளைப் பூசினோம். தோன்றியதோ பூசணிக்காய்! ஆசிரியர் திருத்தவில்லை. எத்தனை நிறங்கள் தெரிகின்றன என எண்ணச் சொன்னார். கண்களைப் பாதி மூடி நோக்கினோம். கழுத்தடியில் இருண்ட கபிலம்; தேசிக்காயின் அருகே இளம்பச்சை; வயிற்றில் யன்னல் வழியே வந்த இலண்டன் வானின் சாம்பல் ஒளி. அன்னை புளியிட்டு விளக்கிய செம்பு அது. சிறுவயது முதல் அதில் நீர் அருந்தியும், ஒருநாளேனும் அதனை நாம் உற்று நோக்கியதில்லை.

தைலவண்ண நுட்பம் ஒருகாலத்தில் மறைத்துக் காக்கப்பட்டது. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் அதனை இளைஞர் இரவிவர்மாவுக்குக் கற்பிக்க மறுத்தார் என்பர். 1868இல் அங்கு வந்த தியடோர் ஜென்சனும் தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இடமளித்தாராம். பார்த்தே கற்றார் இரவிவர்மா. இன்று அந்நுட்பத்தை எவரும் வகுப்பிற் கற்கலாம்; பார்க்கும் பொறுமையை மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். அப்பொறுமையின் பயனுக்குச் சான்றாக, டிரபல்கர் சதுக்கத்துத் தேசிய ஓவியக்கூடத்தின் சேகரிப்பில், ஸ்பானிய ஓவியர் சுர்பரான் 1630ஆம் ஆண்டளவில் தீட்டிய ஓவியமொன்று உண்டு. ஒரு தட்டு, ஒரு கிண்ணம் நீர், ஒரு ரோசாப்பூ. அகலம் 30 சென்ரிமீற்றர்தான். ஆயினும் அதன்முன் நெடுநேரம் நிற்கலாம்.

எமது ஓவியம் அத்தகையதன்று. எனினும் வீட்டுச் சுவரில் மாட்டியுள்ளோம். தமிழ்ப் பள்ளியிற் பயிலும் எம் மகள் அதனை நெடுநேரம் பார்த்து, "இதன் வயிற்றில் எங்கள் யன்னல் தெரிகிறதே! இதற்குப் பெயர் என்ன?" என்று வினவினாள். எமக்குப் பெயர் தெரிந்திருந்தது, பார்வை இருக்கவில்லை. பிள்ளைக்குப் பார்வை இருந்தது, பெயர் தெரியவில்லை.

"செம்பு" என்றோம். அவள் திருப்பிச் சொன்னாள்.

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பழம்பொருளொன்றை மேசையில் வையுங்கள். பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். பெயரை நீங்கள் சொல்லுங்கள்.