நீர்க்கட்டியின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எங்கள் வட்டாரத்துக் கண்மாய்ப் பாசன வரலாற்றைப் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு ஆய்வுத் தலைப்பாக எடுத்திருந்தேன். இரண்டாம் இயலை எழுதி முடித்து நெறியாளரிடம் கொடுத்தபோது, இயலைப் பாராட்டிவிட்டுத் துணைநூற்பட்டியலை மட்டும் திருப்பித் தந்தார். அதில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: ‘மடை திறக்கும் முறை பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொன்னவர் இந்தப் பட்டியலில் எங்கே?’

சொன்னவர் எங்கள் ஊரில் பல ஆண்டுகள் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர். எந்த மடையை எவ்வளவு திறந்தால் கடைசி வயலுக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டு நாள் கண்மாய்க் கரையில் என்னோடு நடந்து எல்லாவற்றையும் விளக்கினார். விடைபெறும்போது, “எம்பேரும் உங்க புத்தகத்துல வருமா டீச்சர்?” என்று கேட்டார். “கட்டாயம் வரும் ஐயா” என்றேன். வரவில்லை. நான் மறந்துவிடவில்லை. மென்பொருளில் அவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன், அப்படியே விடுபட்டுப் போனார்.

நான் பயன்படுத்துவது ஜோட்டெரோ என்ற மென்பொருள். 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. இலவசமாகக் கிடைக்கிறது, ஒருங்குறித் தமிழையும் ஏற்றுக்கொள்கிறது. நூலகத்தில் நாம் பார்த்த அட்டைகளைப் போல ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு பதிவை உருவாக்க வேண்டும். புத்தகமா, கட்டுரையா, ஆய்வேடா என்று முதலில் வகையைத் தேர்ந்தெடுத்தால் அதற்குரிய கட்டங்கள் திறக்கும். கட்டுரை எழுதும்போது மேற்கோள் இடவேண்டிய இடத்தில் பதிவைத் தேர்ந்தால் போதும், துணைநூற்பட்டியல் தானாக உருவாகும். ஏ.பி.ஏ. முறையிலிருந்து சிகாகோ முறைக்கு மாற்றச் சொன்னால் ஒரே சொடுக்கில் பட்டியல் முழுவதும் மாறும். செயலாராய்ச்சி செய்யும் ஆசிரியர்களுக்கு இதுவே பெரிய உதவி.

அச்சிட்ட புத்தகங்களுக்குச் சிக்கலே இல்லை. ஆனால் என் சான்றுகளில் பாதிக்கு மேல் புத்தகங்கள் அல்ல. கல்வெட்டு, அ-பதிவேடு, புலப்படம், கணக்கர் வீட்டு நோட்டு, அரசாணை, பெரியவர்களின் பேச்சு என்று இருந்தன. ‘இது எந்த வகை?’ என்று மென்பொருள் கேட்கும் முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, நாம் முதலில் விடை காண வேண்டியது அந்தக் கேள்விக்கு அல்ல. இதை உருவாக்கியவர் யார், எப்போது, இதன் பெயர் என்ன, நாளை ஒருவர் இதைப் பார்க்க விரும்பினால் எங்கே போக வேண்டும்? இந்த நான்குக்கும் ஒரு தாளில் விடை எழுதிவிட்டு, அந்த விடைகளை வாங்கிக்கொள்ளும் கட்டங்கள் உள்ள வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். 

கல்வெட்டில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பற்றிய செய்தி வருகிறது. முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டுக்குரியது, கி.பி. 921. ஜோட்டெரோவின் வகைகளில் கல்வெட்டு இல்லை. எனவே ‘கலைப்பொருள்’ என்ற வகையைத் தேர்ந்து, அருங்காட்சியகத்தின் பெயர் எழுதும் கட்டத்தில் கோயிலின் பெயரைப் போட்டேன். பார்க்க அழகாகவே இருந்தது. நெறியாளர் கேட்டார்: “கல்லையா படித்தீர்கள்?” இல்லை. நான் படித்தது ஒரு நூலில் அச்சாகியிருந்த பாடத்தை. அப்படியானால் பட்டியலில் வர வேண்டியது அந்த நூல்தான். பதிப்பித்தவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? கல்லைப் பார்த்ததாக நான் காட்டிக்கொண்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

1890-இல் ஹுல்ட்ஷ் முதல் தொகுதியை வெளியிட்ட ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையிலிருந்து எடுக்கும் கல்வெட்டுகளை இப்போது ‘நூற்பகுதி’ என்ற வகையில் பதிகிறேன். கல்வெட்டின் பெயரும் ஆட்சியாண்டும் தலைப்பாக வரும். தொகுதி எண், கல்வெட்டு எண், பதிப்பாசிரியர் ஆகியவை அவரவர் கட்டங்களில் அமரும். ஆசிரியர் கட்டத்தில் அரசர் பெயரை எழுதும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். சாசனம் அவர் காலத்தது, ஆனால் எழுதியவர் அவர் அல்லர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் தலைப்பு தானே முன்னால் வந்து நிற்கும். அதன்பின் ஒரு கோடை விடுமுறையில் உத்திரமேரூருக்கே போய், சுவரில் இருந்த எழுத்துகளைப் படமெடுத்து வந்தேன். அதற்குத் தனிப் பதிவு. கோயில், ஊர், படமெடுத்த நாள் மூன்றும் அதில் உண்டு.

கணக்கர் வீட்டு நோட்டு இன்னொரு பாடம் கற்பித்தது. முதல் பக்கத்தில் ‘ஜய வருஷம் ஆவணி’ என்று இருந்தது. தேதிக் கட்டத்தில் அதை எழுதினால் மென்பொருளால் வரிசைப்படுத்த முடியாது. நமக்குமே அது எந்த ஆண்டு என்று உடனே தெரியாது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஜய 1894-லும் வந்தது, 1954-லும் வந்தது. இரண்டுமே அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தக்கூடிய காலம். நோட்டின் பின்னட்டையில் அச்சிட்டிருந்த ஆங்கில நாட்காட்டி 1954 என்று காட்டிக்கொடுத்தது. தேதிக் கட்டத்தில் 1954 என்றும், தலைப்பில் ‘ஜய, ஆவணி’ என்று நோட்டில் உள்ளபடியும் எழுதினேன். முடிவு செய்தது எப்படி என்பதைப் பதிவோடு இணைக்கும் குறிப்பில் எழுதிவைத்தேன். இந்தக் குறிப்பு பட்டியலில் அச்சாகாது, ஆனால் வாய்மொழித் தேர்வில் கைகொடுக்கும். வகை ‘கையெழுத்துப்படி’. அதில் ஆவணம் இருக்கும் இடத்துக்கும் அதன் அடுக்கு எண்ணுக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருப்பதால் ஓலைச்சுவடிக்கும் அ-பதிவேட்டுக்கும் இதுவே வசதி. புலப்படத்துக்கு ‘வரைபடம்’ என்ற வகையே இருக்கிறது.

அரசாணையை ‘அறிக்கை’ வகையில் வைக்கிறேன். அறிக்கையின் வகை என்ற கட்டத்தில் அரசாணை என்றும், எண் கட்டத்தில் அதன் எண்ணையும் எழுதினால் முடிந்தது. துறையின் பெயரை எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். ஆசிரியர் பெயருக்கு முதற்பெயர், கடைப்பெயர் என இரண்டு கட்டங்கள் இருக்கும். பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் அவை ஒன்றாகும். நிறுவனங்களுக்கு எப்போதும் ஒற்றைக் கட்டமே சரி. என் பட்டியலில் ஒருமுறை ‘துறை, வருவாய்த்’ என்று வந்து நின்றதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

நம் முன்னெழுத்துகளும் இந்த இரட்டைக் கட்டத்தில் சிக்குபவைதான். உ.வே. சாமிநாதையரை ஒற்றைக் கட்டத்தில் எழுதினால் அவர் ‘உ’ வரிசைக்குப் போவார். இரண்டாகப் பிரித்தால் ‘சாமிநாதையர், உ.வே.’ என்று ‘ச’ வரிசையில் வருவார். உங்கள் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறதோ அதைச் செய்யுங்கள். பாதிப் பேரை ஒரு விதமாகவும் மீதிப் பேரை வேறு விதமாகவும் எழுதிவிட்டால் கடைசி வாரத்தில் தூக்கம் போய்விடும்.

தமிழாசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது மறுபதிப்புகளைப் பற்றி. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வந்தது. நம் கையில் இருப்பதோ பிற்கால அச்சு. தேதிக் கட்டத்தில் கையில் உள்ள அச்சின் ஆண்டைத்தான் எழுத வேண்டும். ‘எக்ஸ்ட்ரா’ என்ற கட்டத்தில் ‘ஒரிஜினல் டேட்’ என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இரு சொற்களுக்கும் நடுவே சிறுகோடு இட்டு எழுதி, முக்காற்புள்ளி வைத்து 1887 என்று சேர்த்தால், ஏ.பி.ஏ. முறையில் இரண்டு ஆண்டுகளும் சாய்கோட்டுடன் அச்சாகும். ஒருங்குறி இல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தலைப்புகளை அப்படியே ஒட்டாதீர்கள். அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

இனி நீர்க்கட்டிக்கு வருகிறேன். ஏ.பி.ஏ. முறையில், மற்றவர் தேடிப் பார்க்க முடியாத தனிப்பட்ட உரையாடல் பட்டியலில் சேராது. கட்டுரைக்குள் பெயரும் நாளும் சொன்னால் போதும் என்பதே விதி. விதியில் நியாயம் இருக்கிறது, இல்லாத ஒன்றைத் தேடி யாரும் அலையக் கூடாது. ஆனால் அந்த நான்கு பக்கத்துக்கு அவரைத் தவிர எனக்கு வேறு ஆதாரம் கிடையாது. அவரை விட்டுவிட்டால் அந்த அறிவெல்லாம் எனக்கே தோன்றியதாகிவிடும். எனவே அவர் பேச்சைத் தேடி எடுக்கக்கூடிய ஒன்றாக மாற்றுவதுதான் வழி.

மீண்டும் கண்மாய்க்குப் போனேன். பெயரை வெளியிடலாமா, பேச்சைப் பதிவு செய்து நூலகத்தில் வைக்கலாமா என்று கேட்டு, அவர் சம்மதத்தையும் அவர் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்தேன். ஒலிப்பதிவுக்கு ஓர் எண் கொடுத்து, ஒரு படியைத் துறை நூலகத்திலும் ஒரு படியைப் பள்ளி நூலகத்திலும் வைத்தோம். ஜோட்டெரோவில் ‘நேர்காணல்’ என்ற வகை உண்டு. அதில் பேசியவரின் பெயருக்குத்தான் முதலிடம், கேட்டவருக்குத் தனிக் கட்டம். பதிவு எண்ணும் நூலகமும் இருப்பிடக் கட்டங்களுக்குப் போயின. அவர் பெயர் பட்டியலில் அகரவரிசைப்படி புத்தகங்களுக்கு நடுவே வந்து அமர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் ஊர் வரலாற்றுச் செயல்திட்டத்திலும் இப்போது இதையே செய்கிறோம். ‘பாட்டி சொன்னாங்க’ என்று எழுதும் பிள்ளைகளிடம் பாட்டியின் பெயர், ஊர், சொன்ன நாள், பாட்டியின் சம்மதம் ஆகியவற்றையும் கேட்கிறேன். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் அவர்கள் கையில் கொடுப்பதில்லை. அதில் பிறர் வீட்டுச் செய்திகள் இருக்கின்றன. எண்ணிக்கையை நானே எடுத்துத் தருகிறேன், பதிவேட்டின் பெயரும் ஆண்டுகளும் சான்றாக வரும், பிள்ளைகளின் பெயர்கள் வராது.

அச்செடுத்த பட்டியலைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பேத்தி படித்துக் காட்டினாள். தலைப்பில் ‘தகவலாளர் நேர்காணல்’ என்று எழுதியிருந்தேன். ஆய்வேடுகளில் வழக்கமாக எழுதும் சொல்தான். அவர் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “அதென்ன தகவலாளரு? நீர்க்கட்டின்னு போடுங்க டீச்சர்” என்றார். அன்று இரவே பதிவில் அந்த ஒரு சொல்லை மாற்றி, ஆய்வேட்டைத் திறந்து ‘ரெஃப்ரெஷ்’ பொத்தானை அழுத்தினேன். பட்டியலிலும் மாறிவிட்டது.