ஒரு சொல்லும் பல பொருளும்

ஆலின்கீழ் அமர்ந்து முனிவர் நால்வர்க்கு அறம் உணர்த்தியவர் தென்முகக் கடவுள். பாற்கடலில் எழுந்த ஆலத்தை உண்டு அமரரைக் காத்தவர் நீலகண்டர். மணமக்களுக்கு மங்கல மகளிர் சுற்றுவதும் ஆலமே. முதலாவது மரம், இரண்டாவது நஞ்சு, மூன்றாவது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த நீர். (ஆலங்கட்டி மழை என்னும் வழக்கையும் இங்கு நினைவுகூர்க.) மதுரைக்கு ஆலவாய் என்னும் பெயர் வந்தது, வாலும் வாயும் ஒன்றுகூட வளைந்து நகரெல்லையைக் காட்டிய பாம்பினால் என்று திருவிளையாடற் புராணம் கூறும். அங்கு ஆலம் நஞ்சையே குறித்தது.

இத்தகைய சொல்லைப் பலபொருள் ஒருசொல் என்பர் தொல்காப்பியர். வினை, இனம், சார்பு ஆகியவற்றைக் கொண்டு அதன் பொருளைத் துணியலாம் என்பது அவர் காட்டும் நெறி. உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு 'மா' என்பதாகும். மா பூத்தது எனின் மரம். மா ஓடிற்று எனின் விலங்கு. மா வீழ்ந்தது எனின் இரண்டிற்கும் பொருந்துமாதலின், மாமரம் வீழ்ந்தது என விளங்கக் கூறுதல் வேண்டும். சூடாமணி நிகண்டு தன் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினொன்றாவதை இவ்வகைச் சொற்களுக்கென்றே ஒதுக்கியுள்ளது.

திருமுறை ஓதுவோர் இடர்ப்படும் இடம் ஒன்றைக் காண்போம். திருஞானசம்பந்தர் ஆலவாய்க்கு அருளிய பதிகங்களுள் ஒன்று யமகம். மூன்றாம் திருமுறையில் உள்ளது. யமகமாவது, ஒரே எழுத்துத்தொடர் மீண்டும் வந்து வேறு பொருள் தருவது. அப்பதிகத்தின் முதற்பாடல் தொடக்கத்திலேயே 'இருக்கை' இருமுறை வருகின்றது. முன்னது, ஆல நிழலில் இறைவன் உகந்த ஆசனம். பின்னது அவன் உகந்த பாடலைச் சொல்வது. 'இருக்கு' என்னும் வேதத்தின் பெயரே அங்கு 'ஐ' ஏற்று இருக்கையாயிற்று.

அடியேன் பல்லாண்டுகள் இரண்டையும் ஆசனம் என்றே எண்ணி ஓதி வந்தேன். பாடல் எவ்வாறு ஆசனமாகும் என ஒருநாளும் ஐயுற்றதில்லை. பண் பிழைக்கவில்லை, வேதத்தைச் சொல்கின்றோம் என்பதை மட்டும் அறியாமலே ஓதினேன்.

சீர் பிரித்து அச்சிட்ட நூல்களில் இச்சொல் முன்னுள்ள எழுத்தோடு சேர்ந்து 'திருக்கை' என நிற்கும். இறைவனின் திருக்கரம் என மயங்கவும் அது இடந்தரும். ஆதலின் பதம் பிரித்த பதிப்பொன்றையும் அருகில் வைத்துக்கொண்டு, 'உகந்தது இருக்கை' எனப் பிரித்து ஒருமுறை மெல்லப் படித்தபின் பண்ணோடு ஓதுக.