பிரதியும் அனுமதியும் ஒரே கட்டளையில்

லினக்ஸ் கணினியில் ஒரு கோப்பை ‘சிபி’ கட்டளையால் பிரதி செய்து, பின்னர் ‘சிஎச்மாட்’ கொண்டு அதன் அனுமதியைத் திருத்தும் வழக்கமுடையோர், அவ்விரு காரியங்களையும் ஒருங்கே நிறைவேற்றும் ‘இன்ஸ்டால்’ என்னும் கட்டளையைக் கைக்கொள்வது உசிதம். சிறுகோடிட்ட சிறிய ‘எம்’ எழுத்தின் பின் 600 என்று விதித்தால், இரகசியச் சாவி அடங்கிய கோப்பானது, இடைப்பட்ட ஒரு க்ஷணமேனும் பிற பயனர் வாசிப்புக்கு ஆளாகாமல் உரிய இடம் போய்ச் சேரும். அனுமதியைக் குறிப்பிடாது விட்டாலோ, வெறும் உரைக்கோப்புக்கும் 755 என்றே, அதாவது இயக்கும் உரிமையையும் சேர்த்தே அது வழங்கிவிடும். அந்தத் தாராளம் சற்று அதிகம்தான், ஆகையால் சாதாரண அமைப்புக் கோப்புகளுக்கு 644 எனத் தெளிவாக எழுதுக. பெரிய ‘டி’ இட்டால், வழியில் இல்லாத அடைவுகளையும் தானே சிருஷ்டித்துக்கொள்ளும். உரிமையாளரை மாற்றும் ‘ஓ’ குறிக்கு மட்டும் ரூட் அதிகாரம் வேண்டும்.